மரம் விழுந்த ஆற்றில் ஒரு வழி: கிளிண்டன் ஆற்றில் துடுப்பு வலிக்கப் புதிதாக வருவோருக்கு

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே ட்ராய், ரோச்செஸ்டர் ஹில்ஸ், ஸ்டெர்லிங் ஹைட்ஸ் போன்ற ஊர்களில் குடியிருக்கும் தமிழர்கள் கிளிண்டன் ஆற்றை அன்றாடம் காரில் கடக்கிறார்கள். ஆனால் பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது அது ஓர் ஆறு என்றே தோன்றுவதில்லை. அகண்ட காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மரங்களுக்கிடையே ஓடும் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால்தான் பாண்டியாக் பக்கத்து ஏரிகளிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓடி, செயின்ட் கிளேர் ஏரியில் கலக்கிறது. அதில் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு ஒன்றை இறக்கினால், ஊரின் நடுவே ஊர் தெரியாத ஓர் இடத்துக்கு நீங்கள் போய்விடலாம். இறக்கிய முதல் மணி நேரத்துக்குள்ளேயே ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரமும், அதன்மேல் வந்து சேர்ந்த கட்டைகளும், அவற்றுக்கிடையே சிக்கிய பந்துகளும் பாட்டில்களுமாக ஓர் அடைப்பு உங்களை வழிமறிக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அந்த அடைப்பை என்ன செய்வது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். துடுப்பு வலிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு ஆற்றைப் பேணும் தன்னார்வலர்களான ஆற்றுத்தோழர்களுடன் சேர்ந்து வழி திறக்கும் வேலைக்குப் போக விரும்புவோருக்காக, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதல் பாதியைப் படிக்காமல் தாண்டிவிட்டு ரம்பத்தோடு இரண்டாம் பாதிக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை மரங்கள் ஏன் விழுகின்றன

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது ஒரு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்த எமரால்ட் ஆஷ் போரர் என்னும் அந்த வண்டு, வட அமெரிக்காவிலேயே முதன்முதலாக 2002ஆம் ஆண்டு தென்கிழக்கு மிச்சிகனில்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் துளைத்துச் சென்று, மரத்துக்கு நீரும் உணவும் போகும் பாதையை அறுத்துவிடுகிறது. இம்மாநிலத்தில் மட்டும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. ஆற்றங்கரையில் நின்று பட்டுப்போனவை ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் சாய்ந்தன, இன்னும் சாய்கின்றன.

இரண்டாவது காரணம் நம்முடைய கூரைகளும் தார்ச்சாலைகளும் கார் நிறுத்துமிடங்களும்தான். மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் குழாய் வழியாக ஒரே மூச்சில் ஆற்றுக்கு வருகிறது. ஆறு சில மணி நேரத்தில் மளமளவென்று ஏறி, கரையின் அடியை அரித்துவிட்டு, அதே வேகத்தில் இறங்குகிறது. அடிமண் போன பிறகு, நல்ல உயிருள்ள சில்வர் மேப்பிளும் காட்டன்வுட்டும்கூட வேரோடு சரிகின்றன. ஆகவே நீங்கள் இந்த ஆண்டு திறக்கும் வழி அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்ற எதிர்பார்ப்புடன் இந்த வேலைக்கு வராதீர்கள்.

முதல் படி: நீர்மட்டம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

படகு வாங்குவதற்கு முன்பே கற்க வேண்டியது இது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கிளிண்டன் ஆற்றில் ஆபர்ன் ஹில்ஸ், ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மவுண்ட் கிளெமென்ஸ் அருகே மொரேவியன் சாலை ஆகிய இடங்களில் அளவுமானிகளை வைத்திருக்கிறது. நீர்மட்டமும், விநாடிக்கு எத்தனை கன அடி நீர் ஓடுகிறது என்ற கணக்கும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியாகின்றன. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். 200 கன அடி என்று திரையில் தெரிந்தால், ஐந்தரை டன்னுக்கும் மேலான நீர் ஒவ்வொரு விநாடியும் அந்த இடத்தைக் கடக்கிறது என்று பொருள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது ஒரு படகின்மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். நேற்று நீங்கள் கையால் தள்ளி விலகிய அதே கட்டை, இன்று உங்களைப் படகோடு பிடித்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

எந்த எண்ணில் போகலாம், எந்த எண்ணில் கூடாது என்று ஒரே விதி சொல்ல முடியாது. ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் அது மாறும். முதல் சில முறை அனுபவமுள்ளவர்களோடு போய், ஒவ்வொரு முறையும் அன்றைய எண்ணையும் ஆறு எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பத்து முறைக்குப் பிறகு அந்த நோட்டுதான் உங்கள் விதி. இணையத்தில் நீரளவைக் காட்டும் வரைகோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் நாளில் எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இறங்காதீர்கள் என்பதை மட்டும் விதிவிலக்கின்றிச் சொல்லலாம். பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் பொறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நகரத்துக் கழிவெல்லாம் அந்த முதல் வெள்ளத்தோடுதான் வருகிறது.

இரண்டாம் படி: படகும் உடையும்

இந்த ஆற்றின் வளைவுகள் குறுகலானவை. பத்து அடி முதல் பன்னிரண்டு அடி வரையுள்ள அகன்ற கயாக் தொடக்கத்துக்கு ஏற்றது. பதினேழு அடி கடல் கயாக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் மல்லாட வேண்டியிருக்கும். அடைப்பு திறக்கும் வேலைக்கு மட்டும் கேனூ என்னும் மேற்புறம் திறந்த படகு மேலானது, ஏனென்றால் கருவிகளையும் குப்பை மூட்டைகளையும் அதில்தான் ஏற்ற முடியும். மோட்டார் இல்லாத சொந்தக் கயாக்கையும் கேனூவையும் மிச்சிகனில் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். படகில் இருப்பது போதாது, உடம்பில் இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்த லைஃப் ஜாக்கெட், படகு கவிழ்ந்தால் உங்களுக்கு முன்பாகவே மிதந்து போய்விடும்.

உடையைக் காற்றின் வெப்பத்துக்காக அல்ல, நீரின் வெப்பத்துக்காக அணியுங்கள். மே மாதத்தில் வெயில் 25 டிகிரி அடிக்கும். நீர் அப்போதும் சில்லென்றிருக்கும். நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று விழுந்தால் மூச்சு தன் கட்டுப்பாட்டை இழந்து திணறும். அந்த முதல் நிமிடத்தில்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் தண்ணீர் குடித்து மூழ்குகிறார்கள். பருத்தி ஜீன்ஸும் செருப்பும் கூடாது. கணுக்காலை மூடி, பாதத்தோடு இறுகக் கட்டக்கூடிய பழைய ஷூ போதும். லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சல்லடையை அஞ்சக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியில்தான் சற்று நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இத்தகைய ஆறுகளில் உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆற்றில் விழுந்த மரத்தின் கிளைகளுக்கு ஊடாக நீர் போய்விடும்; ஆள் போக முடியாது. சல்லடையில் மாவு இறங்கித் தவிடு தங்குவதைப் போல, நீர் இறங்கி மனிதன் தங்கிவிடுகிறான். படகோட்டிகள் இதை ஸ்ட்ரெய்னர் என்கிறார்கள். பாறையில் மோதினால், பாறையின் முன்னே குவியும் நீர் உங்களைக் கொஞ்சம் ஒதுக்கித் தள்ளும்; மரம் அப்படி ஒதுக்காது, உள்ளே இழுக்கும். மேலே பார்த்தால் நீர் அமைதியாக இருப்பது போலவே தோன்றும். அந்த அமைதியைப் பார்த்து ஏமாறுவதுதான் புதியவர்களின் முதல் தவறு.

ஆகவே வளைவுகளில் எப்போதும் உள்வளைவுப் பக்கமாகவே செல்லுங்கள். வேகமான நீர் வெளிவளைவை அரிப்பதால் மரம் விழுவதும் அங்கேதான், அதே நீர் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அங்கேதான். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், கரையில் ஏறி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

தவிர்க்க முடியாமல் படகு பக்கவாட்டில் கட்டையின்மேல் போய் ஒட்டிக்கொண்டால், உடம்பு இயல்பாகவே கட்டையைவிட்டு விலகிப் பின்னால் சாயும். அது தவறு. அப்படிச் சாய்ந்தால் நீர்வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, நீர் அதன்மேல் ஏறி, ஒரு நொடியில் படகைக் கவிழ்த்துக் கட்டைக்கு அடியில் செருகிவிடும். கட்டையை நோக்கிச் சாய்ந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல நகர்ந்து விலகலாம், அல்லது அதன்மேல் ஏறிவிடலாம்.

நீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதங்கள் நீர் போகும் திசையைப் பார்த்து நீர்ப்பரப்பிலேயே இருக்கும்படி மிதந்து, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழமிருந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். அடியில் கிடக்கும் கிளைகளுக்கிடையே பாதம் மாட்டிக்கொண்டால், நீர் முதுகில் அடித்து உங்களை முகங்குப்புறச் சாய்த்துவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வது இங்கே உவமை அல்ல, நேர்ப்பொருள். இதற்கு ஒரே விதிவிலக்கு, முன்னால் சல்லடை மரம் இருந்து, விலகவும் நேரமில்லாத நிலை. அப்போது புரண்டு குப்புறப் படுத்து, அதை நோக்கியே முழுவேகத்தில் நீந்தி, கிட்டே வந்ததும் கைகளை ஊன்றிக் காலை உதைத்து அதன்மேல் தாவி ஏற வேண்டும். அடியில் போகாமலிருக்க வேறு வழியில்லை. அனுபவமுள்ளவர்கள் இதைக் கரையோர ஆழமற்ற நீரில் ஒரு கட்டையை மிதக்கவிட்டுப் பயிற்சி செய்து காட்டுவார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் அடைப்பு திறக்கும் நாளுக்கு வர வேண்டாம்.

நான்காம் படி: கூட்டாகப் போவதும் சுற்றிப் போவதும்

மூன்று படகுகளுக்குக் குறையாமல் போங்கள். ஆற்றை நன்கறிந்தவர் முதல் படகிலும், மீட்புக்கயிறும் முதலுதவிப் பெட்டியும் வைத்திருப்பவர் கடைசிப் படகிலும் இருப்பார்கள். முன்னவரைத் தாண்டக் கூடாது. பின்னவருக்குப் பின்னால் தங்கவும் கூடாது. விசில் ஒருமுறை ஊதினால் கவனி, மூன்று முறை ஊதினால் ஆபத்து. துடுப்பைக் கிடையாகத் தூக்கிப் பிடித்தால் நில், செங்குத்தாகப் பிடித்தால் வரலாம். மரத்தடியில் நீரின் ஓசை பேச்சை விழுங்கிவிடும் என்பதால் இந்தச் சைகைகளைப் புறப்படும் முன்பே கரையில் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்வது வழக்கம்.

ஆற்றின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. ரோச்செஸ்டர் ஹில்ஸ் வழியாக வரும் பகுதி சரிவானது, வேகமானது. அதில் யேட்ஸ் அணையும் இருக்கிறது, அதைக் கரையேறித்தான் கடக்க வேண்டும். யூட்டிகாவுக்குக் கீழே ஸ்டெர்லிங் ஹைட்ஸ் வழியாக ஓடும் பகுதியில் வேகம் குறைவு, மரம் அதிகம். மவுண்ட் கிளெமென்ஸ் பக்கம் ஆறு அகன்று சோம்பலாகிவிடுகிறது. முதல் பயணத்துக்கு அந்தச் சோம்பலான பகுதியே நல்லது. ஆனால் வெள்ளநீரை நேராக ஏரிக்குக் கொண்டுபோக 1951இல் வெட்டிய கால்வாய் பிரியும் இடத்தில் ஒரு தடுப்பு இருப்பதால், அதன் அருகே மட்டும் போகாதீர்கள்.

அடைப்பைக் கண்டால், அதற்கு நெடுந்தொலைவு முன்பாகவே, நீர் மெதுவாக ஓடும் இடத்தில் கரையேறிப் படகைத் தூக்கிச் சுற்றிப் போவதுதான் முறை. படகிலிருந்தபடியே கிளைகளை ஒடித்து நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் நினைத்தேன். கிளை ஒடிந்தது, படகும் அதே நொடியில் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. பின்னால் வந்தவர் கயிறு எறிந்திருக்காவிட்டால் அந்தக் கயாக்கை அடுத்த கோடையில்தான் எடுத்திருப்பேன்.

சுற்றிப் போகும்போது கால் வைப்பது பிறர் நிலமாக இருக்கலாம். ஓர் ஆறு பொதுமக்களுக்கு உரியதா என்பதை முடிவு செய்ய மிச்சிகன் நீதிமன்றங்கள் 1853ஆம் ஆண்டிலிருந்து கையாண்டு வரும் அளவுகோல், அதில் மரக்கட்டையை மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியுமா என்பதுதான். வெட்டிய மரங்களை ஆற்றிலேயே ஆலைக்கு அனுப்பிய காலத்துச் சட்டம் அது. கட்டை மிதக்கும் என்பதால் நமக்குத் திறந்த ஆறு, இன்று கட்டையாலேயே அடைபடுகிறது. எப்படியானாலும், தடையைச் சுற்ற எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கரையில் நடந்து, உடனே ஆற்றில் இறங்கிவிட வேண்டும். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: திறக்க வேண்டுமா என்று கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அடைப்பைக் குப்பை என்று நினைத்து, ஆற்றைத் துடைத்துவிட வேண்டும் என்ற உற்சாகத்தோடு வருகிறார்கள். ஆற்றில் கிடக்கும் மரம் குப்பை அல்ல. மீன்குஞ்சுகள் ஒளிவதும், அவை தின்னும் பூச்சிகள் ஒட்டி வாழ்வதும், ஆமைகள் வெயில் காய்வதும் அதில்தான். வேரோடு கரையில் பதிந்த மரம் அந்தக் கரை மேலும் அரிபடாமலும் காக்கிறது. 2012ஆம் ஆண்டு அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அமெரிக்க அரசு அறிவித்த ஸ்னஃப்பாக்ஸ் என்னும் சிறிய நன்னீர்ச் சிப்பி கிளிண்டன் ஆற்றில் வாழ்கிறது. அது லாக்பெர்ச் என்னும் மீனின் தலையைத் தன் ஓடுகளால் கவ்விப் பிடித்து, தன் குஞ்சுகளை அதன் செவுளில் ஏற்றிவிட்டுத்தான் விடும். அத்தகைய உயிர்கள் கிடக்கும் அடிமண்ணை, நம் படகு போக வேண்டும் என்பதற்காகக் கிளறுவது நியாயமல்ல.

அதனால் தென்கிழக்கு மிச்சிகனில் பின்பற்றப்படும் முறைக்கு 'க்ளீன் அண்ட் ஓபன்' என்றே பெயர்: குப்பையை எடு, வழியைத் திற, மீதியைத் தொடாதே. திறக்கும் வழி ஒரு கேனூ துடுப்போடு போகுமளவு, அதாவது ஆறு முதல் எட்டு அடி அகலம் இருந்தால் போதும். சுற்றிப் போவது எளிது என்றால் திறக்காமலே விட்டுவிடலாம். நான் பார்த்த அடைப்புகளில் பாதியை அப்படித்தான் விட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அடிமண்ணைத் தொடாமல் மரத்தை வெட்டி வழிவிடுவதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. மண்ணில் புதைந்த கட்டையையோ வேரையோ பெயர்ப்பதற்கும், அடிமண்ணைக் கிளறும் எந்த வேலைக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி வேண்டும். இது 1994ஆம் ஆண்டின் 451ஆம் எண் சட்டத்தில், உள்நாட்டு ஏரிகள், ஓடைகள் பற்றிய 301ஆம் பகுதியில் வருகிறது. இதோடு அந்த இடத்து நில உரிமையாளர், நகராட்சிப் பூங்காத் துறை, கவுண்டியின் நீர்வள அலுவலகம் ஆகியோரிடமும் கேட்டாக வேண்டும். இந்த அலைச்சலையெல்லாம் நீங்களே தனியாகப் பட வேண்டியதில்லை. கிளிண்டன் ஆற்று நீர்ப்பிடிப்பு மன்றத்தையோ உங்கள் ஊரின் பூங்காத் துறையையோ கேட்டால், எந்த நாளில் யார் தலைமையில் வேலை நடக்கிறது என்று தெரியும், அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இதற்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. நீர் குறைவாகவும் ஓரளவு வெதுவெதுப்பாகவும் இருக்கும். வசந்தத்தில் முட்டையிட ஏறிவரும் மீன்களுக்கும் இடைஞ்சல் இராது.

ஆறாம் படி: வேலை நாள்

ரம்பத்தை எடுக்கும் முன் அரைமணி நேரம் எல்லோரும் கரையில் நின்று அடைப்பைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டை எதன்மேல் கிடக்கிறது, எது கரையில் வேரோடு பிடித்திருக்கிறது, எதை எடுத்தால் மற்றவை அசையும் என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கட்டைதான் மற்றவற்றைப் பிடித்து வைத்திருக்கும். அது எது என்று தெரிந்துகொள்வது, அதை முதலில் எடுப்பதற்காக அல்ல. கடைசிவரை அதைத் தொடாமலிருப்பதற்காக.

கருவிகள் மிகக் குறைவே: வில்ரம்பம், மடக்கு ரம்பம், கிளை வெட்டும் பெரிய கத்தரி, கட்டையை உருட்டும் கொக்கி நெம்புகோல், நல்ல கயிறு, கையால் இழுக்கும் வின்ச், நம் ஊர்த் துரட்டியைப் போல முனையில் கொக்கியும் கூரும் உள்ள நீண்ட கழி. அந்தத் துரட்டிதான் என் கணக்கில் மிகவும் பயன்படுவது; நீரில் இறங்காமலே பாதி வேலையை முடித்துவிடும். செயின்சாவை அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டும், தலைக்கவசமும் கால் பாதுகாப்பு உறையும் அணிந்து, உறுதியாக நிற்கும் இடத்தில் மட்டும் பயன்படுத்துவார். ஆற்றில் சிந்தும் என்பதால் அதன் சங்கிலிக்குத் தாவர எண்ணெய் ஊற்றுவது நல்ல வழக்கம். புதியவர் எவரும் முதல் ஆண்டில் செயின்சாவைத் தொட வேண்டியதில்லை.

யாரும் அடைப்பின் நீர்வரும் பக்கம் ஆழத்தில் நிற்கக் கூடாது. தவறினால் உள்ளே போய்விடுவார். கட்டை விடுபடும் நேரத்தில் அதற்கு நேர் கீழே, நீர் போகும் பக்கத்திலும் நிற்கக் கூடாது. 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு நனைந்த கட்டை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். அது மெதுவாக வந்தாலும் நிற்காது. அடைப்புக்குக் கீழே, கரையில், 15 முதல் 20 மீட்டர் மீட்புக்கயிறு உள்ள எறிபையுடன் ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்த ஆள்தான் அன்று மிக முக்கியமானவர். இன்னொருவர் சற்று மேலே போய், வரும் படகுகளை நிறுத்துவார். கயிற்றை யாரும் தன் உடம்பிலோ கையிலோ சுற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது, எக்காரணத்துக்காகவும் கூடாது.

முதலில் குப்பை. பிளாஸ்டிக் பாட்டில்கள், பந்துகள், நுரைத் துண்டுகள், டயர்கள் எல்லாவற்றையும் வலைப்பையில் கட்டி கேனூவில் ஏற்றுங்கள். கையுறை இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். மூடிய பீப்பாயோ எரிவாயு உருளையோ கிடந்தால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு நகராட்சிக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, தளர்ந்து மிதக்கும் சுள்ளிகளும் சிறு கட்டைகளும். இவற்றை நீர் போகும் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் பெரிய மரங்கள் கண்ணுக்குத் தெரியவரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற கணக்கில் நடக்கும் வேலை இது. இதிலேயே பாதி நாள் போய்விடும், போகட்டும்.

பிறகுதான் வெட்டுவது. வளைந்து கிடக்கும் மரம் இழுத்து வைத்த வில்லைப் போன்றது. இரு முனையும் தாங்கப்பட்டு நடுப்பகுதி தொங்கினால் மேற்பக்கம் அமுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து வெட்டி முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் கரையில் பிடித்து மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் இது தலைகீழாகும்: மேற்பக்கம் இழுபட்டிருக்கும், ஆகவே முதல் வெட்டு கீழிருந்து. வரிசை மாறினால் ரம்பம் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து துள்ளும். நீரின் தள்ளுதலும் சேர்ந்து பக்கவாட்டிலும் வளைந்து நிற்கும் மரத்தை, படித்துத் தேர்ந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

இழுக்க வேண்டியதை வின்ச் கொண்டு இழுக்கும்போது, கரையிலுள்ள உயிர்மரத்தில் கயிற்றை நேராகக் கட்டாமல் அகலமான நாடாவைச் சுற்றிக் கட்டினால் மரத்தின் பட்டை உரியாது. இழுவையில் இருக்கும் கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு நனைந்த மேலங்கியைத் தொங்கவிட்டால், அறுந்த கயிறு சாட்டையாக வீசாமல் விழுந்துவிடும்.

வெட்டிய துண்டுகளை ஆற்றோடு விட்டுவிட்டால், அடுத்த வளைவில் அடுத்த அடைப்பு தயாராகிவிடும். அவற்றைக் கரையோரமாக, நீரோட்டத்துக்கு இணையாகக் கிடத்தி, நிற்கும் மரங்களுக்குப் பின்னால் செருகிவிடுங்கள். அங்கேயும் அவை மீனுக்கும் கரைக்கும் பயன்படும். வீட்டு அடுப்புக்கு என்று காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரத்து வண்டு ஊர் ஊராகப் பரவியதே விறகின் வழியாகத்தான்.

கரையில் காத்திருப்பவை

மூன்று மூன்று இலைகளாக நிற்கும் கொடியையும் புதரையும் தொடாதீர்கள். பாய்சன் ஐவி என்னும் அது நம் ஊர்ச் சேராங்கொட்டையின் உறவு; இரண்டும் ஒரே குடும்பம், மேலில் பட்டால் கொப்புளிப்பதும் ஒரேபோல்தான். காய்ந்த கொடியிலும் அந்த எண்ணெய் இருக்கும், கயிற்றிலும் கையுறையிலும் ஒட்டி வீட்டுக்கு வரும். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். கட்டைகளின் அடியில் குளவிக்கூடு இருக்கலாம் என்பதால் முதல் தட்டு துரட்டியால் இருக்கட்டும். கட்டையின்மேல் படுத்திருக்கும் பழுப்புநிற நீர்ப்பாம்பு நஞ்சற்றது; ஆனால் பிடித்தால் கடிக்கும், பிடிக்காதீர்கள்.

ஏழாம் படி: வீடு திரும்பும் முன்

படகிலும் காலணியிலும் கருவிகளிலும் ஒட்டிய சேற்றையும் செடியையும் அங்கேயே நீக்கி, படகிலுள்ள நீரை வடித்துவிட்டுத்தான் காரில் ஏற்ற வேண்டும். 2019 மார்ச் முதல் மிச்சிகனில் இது சட்டமும்கூட. வேறோர் ஆற்றுக்குப் போகுமுன் எல்லாம் நன்றாகக் காயட்டும்.

திறந்த வழியை நீர் போகும் பக்கத்திலிருந்தும் வரும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, அருகிலுள்ள பாலத்தின் பெயரையும் தேதியையும் அன்றைய நீரளவையும் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பெருமழை பெய்து, வரைகோடு ஏறி, பிறகு இறங்கி நிலைத்த பின் வரும் முதல் சனிக்கிழமையில், கருவி எதுவும் எடுத்துக்கொள்ளாமல் இருவருடன் போய் அந்த இடத்தைப் பாருங்கள். வழி அப்படியே இருந்தால் நோட்டில் ஒரு கோடு போதும். அடைபட்டிருந்தால், வளைவுக்கு முன்பாகவே கரையேறிச் சுற்றிப் போய்விட்டு, மாலையில் அந்த வேலை நாளுக்குத் தலைமை தாங்கியவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.